லேக் ஃபோர்க்கில் ஒரு வாரம் மீன், மறுவாரம் வெறும் பெட்டி: பாஸும் கிராப்பியும் தொடர்ந்து கிடைக்க

போன சனிக்கிழமை ஐஸ் பெட்டி நிறைய கிராப்பி என்கிற நன்னீர் மீன். இந்தச் சனிக்கிழமை அதே மரம், அதே மின்னோ (உயிருள்ள சின்ன இரைமீன்), அதே நேரம், ஆனால் தக்கை அசையவே இல்லை. டெக்சஸில் டல்லாஸ் பக்கமிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி லேக் ஃபோர்க் ஏரிக்குத் தூண்டில் போடப் போகிற நம் ஆட்களிடம் பேசினால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது. அதனால் இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு, அல்லது ஆரம்பித்துச் சலித்துப் போனவர்களுக்கு, எனக்கு எது வேலை செய்ததோ அதை எழுதுகிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். லேக் ஃபோர்க் சுமார் 27,000 ஏக்கர். 1980-ல் அணையில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தபோது மரங்களை முழுசாக வெட்டவில்லை, அதனால் ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் மீன் இருக்கிற மாதிரியே தெரியும். உண்மையில் எந்த ஒரு நாளிலும் அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி காலிதான். காலையில் ஒரு ஓடை, பத்து மணிக்கு எதிர்க்கரை, மத்தியானம் அணைப் பக்கம் என்று படகை ஓட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோலும் நேரமும் போகுமே தவிர, மீன் ஏன் கடித்தது, ஏன் கடிக்கவில்லை என்பது கடைசி வரை தெரியாது.

நான் செய்தது இதுதான். ஒரே ஒரு ஓடைக் கிளையை எடுத்துக்கொண்டேன். அதிலும் இரண்டு மைல் நீளத்துக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் முழுக்க அங்கேதான். நம் ஊர்க் கண்மாயில் எந்த மூலையில் எப்போது கெண்டை நிற்கும் என்று அந்த ஊர்ப் பையன்களுக்குத் தெரியுமே, அது அவர்கள் அதே தண்ணீரைத் தினமும் பார்ப்பதால்தான். பெரிய ஏரியிலும் அதைச் செய்யலாம், ஆனால் ஒரு துண்டை நாமே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கும் துண்டில் நாலு விஷயம் இருக்கட்டும்: தண்ணீர் வருவதற்கு முன் ஓடிய ஓடையின் பழைய பள்ளம், அதன் ஓரத்தில் நிற்கும் மரங்கள், மீன் முட்டையிட ஏறி வரக்கூடிய ஆழமில்லாத மேடு, முடிந்தால் ஒரு பாலம். 154-ஆம் சாலைப் பாலமும் 515-ஆம் சாலைப் பாலங்களும் கிராப்பிக்குப் பேர்போனவை, படகு நெரிசல் இருக்கும், ஆனாலும் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

இடத்தைவிட ஆழம்

இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. போன வாரம் நீங்கள் கிராப்பி பிடித்த மரம் 24 அடித் தண்ணீரில் நின்றது, மீன் 12 அடியில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும்போது நினைவில் எது நிற்கிறது? மரம். ஜிபிஎஸ்ஸில் குறித்து வைப்பதும் மரத்தைத்தான். ஆனால் அடுத்த வாரம் தண்ணீர் ஐந்து டிகிரி சூடாகி, மீன் அங்கிருந்து நகர்ந்து, 8 அடித் தண்ணீரில் இருக்கும் இன்னொரு மரத்துக்குப் போயிருக்கும். மரத்துக்குத் திரும்பிப் போனவருக்கு ஒன்றும் இல்லை. அதே ஓடையில் ஆழத்தைத் தேடிப் போனவருக்கு மறுபடியும் மீன்.

அதனால் படகை இறக்கியதும் தூண்டிலை எடுக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் சோனாரை, அதாவது தண்ணீருக்கடியில் இருக்கும் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவியை, பார்த்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். மூன்று கேள்விகள்தான். மேல்தண்ணீரின் சூடு எவ்வளவு? ஷாட் என்கிற சின்ன இரைமீன் கூட்டம் எத்தனை அடியில் நிற்கிறது? அதன் பக்கத்தில் பெரிய மீன் கோடுகள் தெரிகின்றனவா? ஷாட் இல்லாத தண்ணீரில், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

கோடையில் நாலாவது கேள்வி ஒன்று வரும். ஜூன் வாக்கில் மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் கலக்காமல் தனித்தனி அடுக்காகப் பிரிந்துவிடும். அந்தப் பிரிவைத் தெர்மோக்ளைன் என்பார்கள். சோனாரின் சென்சிடிவிட்டியைக் கூட்டினால் திரையில் புகை படிந்த கோடு மாதிரி தெரியும், கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் பெரும்பாலும் 20 அடியை ஒட்டி. அதற்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைவு, மீன் தங்காது. ஜூலையில் 35 அடியில் இரையை இறக்கிவிட்டுக் காத்திருப்பவர் யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறார். கோட்டைப் பார்த்தீர்களா, அதற்கு மேலே மட்டும் தேடுங்கள், ஏரியில் பாதி உங்களுக்கு அப்போதே குறைந்துவிட்டது.

முன்னால் இருப்பதை நேரலையாகக் காட்டும் லைவ்ஸ்கோப் மாதிரிக் கருவிகள் இப்போது நிறையப் பேரிடம் இருக்கின்றன. நல்ல கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் அது இல்லாததால்தான் மீன் கிடைக்கவில்லை என்று நினைத்து ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்ட வேண்டாம். சாதாரண சோனாரே மேலே சொன்ன கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்லிவிடும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அரை நாளுக்கு ஒரு கைடை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் "எந்த இடம்" என்று கேட்காதீர்கள், "இன்றைக்கு ஏன் இங்கே வந்தீர்கள்" என்று கேளுங்கள்.

கிராப்பி

கிராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்கிற அமைப்பு. தலைக்கு மேலே இருக்கும் இரைக்கு ஏறி வரும், கீழே போய்விட்ட இரைக்கு இறங்கி வருவது அபூர்வம். சோனாரில் மீன் 14 அடியில் தெரிந்தால் இரை 12 அடியில் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஈயம் தரையைத் தொடும் வரை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. இரை மீனைத் தாண்டிக் கீழே போய்விட்டது, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பயனில்லை.

ஆழத்தைச் சரியாக வைக்க ஒரு பழக்கம் உண்டு. நேர் கீழே இறக்குவதாக இருந்தால் ரீலிலிருந்து நரம்பைக் கையால் இரண்டு இரண்டு அடியாக இழுத்து எண்ணி விடுங்கள். எறிந்து இழுப்பதாக இருந்தால் 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த கொக்கி), 6 பவுண்டு தாங்கும் நரம்பில் ஏறக்குறைய நொடிக்கு ஒரு அடி இறங்கும். படகுக்குப் பக்கத்திலேயே ஒருமுறை விட்டு உங்கள் ஜிக் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு எறிந்ததும் எண்ணுங்கள். பத்து எண்ணியபோது ஒன்று கடித்தது என்றால் அடுத்த எறிதலும் பத்து, அதற்கடுத்ததும் பத்து. மீன் கூட்டமாக ஒரே மட்டத்தில் நிற்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

கடிப்பதும் எப்போதும் இழுப்பாகத் தெரியாது. பல நேரம் நரம்பு திடீரென்று தொய்ந்துபோகும். மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே ராடைத் தூக்குங்கள். ஆனால் மெதுவாக. அதன் வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். படகுக்குள் தூக்கிப் போடாமல் வலையில் வாங்குங்கள்.

மின்னோவா, ஜிக்கா என்று கேட்பார்கள். கற்றுக்கொள்ளும் வரை மின்னோ. ஆழம் சரியாக இருந்தால் மின்னோவைக் கிராப்பி விடாது. ஆகவே மின்னோவுக்கும் கடிக்கவில்லை என்றால் தவறு இரையில் இல்லை, ஆழத்தில் அல்லது இடத்தில் என்று தெரிந்துவிடும். ஜிக்கைப் போட்டுக்கொண்டு நிறம் நிறமாக மாற்றிக்கொண்டிருந்தால் இந்தத் தெளிவு வராது.

பாஸ்

பாஸும் நன்னீர் மீன்தான், ஆனால் வேறு குணம். கிராப்பி தண்ணீரின் நடுவில் கூட்டமாக மிதந்து நிற்கும், லார்ஜ்மவுத் பாஸ் எதையாவது ஒட்டி நிற்கும்: கட்டை, புல், பாறை, படகுத்துறையின் கால், பள்ளத்தின் விளிம்பு. அதனால் ஒரே நாளில் இரண்டையும் பிடிக்கலாம் என்று எட்டு ராடோடு போகாதீர்கள். நான் மாறி மாறிச் செய்து இரண்டிலும் வெறுங்கையாகத் திரும்பிய நாட்கள் நிறைய. காலை ஒன்பது வரை பாஸ், அதன்பின் கிராப்பி என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் இரண்டும் வர ஆரம்பித்தது.

இந்த ஏரியில் பெரிய பாஸ் உண்டு என்பது வெறும் பேச்சில்லை. டெக்சஸின் மாநிலச் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. ஏரி கட்டும்போதே ஃபுளோரிடா இனப் பாஸ் குஞ்சுகளை விட்டு வளர்த்ததும், நடுத்தர அளவு மீன்களைத் திருப்பி விட வேண்டும் என்ற விதியும் சேர்ந்துதான் இதற்குக் காரணம்.

இரைகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டுங்கள். தண்ணீருக்குள் வேகமாகத் தேடிப் பார்க்க ஒரு லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (அதிர்ந்து நீந்தும் மீன் வடிவப் போலி இரை) அல்லது ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த போலி இரை). கட்டைக்குள்ளும் புல்லுக்குள்ளும் சிக்காமல் போட, கொக்கி முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோர்க்கும் டெக்சஸ் ரிக்கில் ரப்பர் புழு. ஆழமான முனைகளில் தரையோடு இழுக்க, ஈயம் முன்னாலும் இரை கொஞ்சம் பின்னாலும் வரும் கரோலினா ரிக். ஒரு பாஸ் கிடைத்ததும் படத்தை எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது எத்தனை அடித் தண்ணீர், கட்டையின் நிழல் பக்கமா வெயில் பக்கமா, காற்று அந்தக் கரையில் அடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் இரண்டு மைலுக்குள் அதே மாதிரி இன்னும் நாலு இடம் தேடிப் போங்கள். இரண்டாவது இடத்திலும் ஒன்று கடித்தால் அன்றைய நாளின் சாவி கையில் கிடைத்துவிட்டது.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. பலர் காற்றில்லாத கரையைத் தேடிப் போய் உட்காருவார்கள், வசதியாக இருக்கும் என்று. காற்று மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கரையில் சேர்க்கும், அதன் பின்னால் ஷாட், அதன் பின்னால் பாஸ். படகை நிறுத்தச் சிரமமான அந்த அலையடிக்கும் முனையில்தான் முதலில் போட வேண்டும்.

மாதங்கள்

வசந்தம் எல்லோருக்கும் எளிது. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது, மார்ச்சை ஒட்டி, பாஸும் கிராப்பியும் ஆழமில்லாத ஓடை முடிவுகளுக்கு முட்டையிட ஏறும். கரையிலிருந்து தக்கை போட்டே கிராப்பி பிடிக்கலாம், படகு இல்லாதவர்களுக்கு இதுதான் பருவம். பிப்ரவரியிலேயே, புல் நன்றாக வளர்ந்திருக்கும் வருடத்தில், அதன் மேல் லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டை உரசினாற்போல இழுத்தால் பெரிய பாஸ் வரும். ஏப்ரல், மே விடியற்காலையில் ஷாட் கரைப் பாறைகளை ஒட்டி முட்டையிடும். வெயில் ஏறும் வரை ஒரு மணி நேரம்தான் அந்த ஆட்டம்.

கோடையில் பாஸ் முனைகளிலும் பள்ள விளிம்புகளிலும் 15 முதல் 20 அடிக்குப் போகும், கிராப்பி பாலத் தூண்களின் நிழலுக்கும் மரங்களின் நடுமட்டத்துக்கும். அக்டோபரில் ஷாட் ஓடைகளின் உள்முனைக்குள் நுழையும், நீங்களும் நுழையுங்கள். குளிர்காலத்தில் தெர்மோக்ளைன் கலைந்துவிட்டதால் கிராப்பி 30 அடிக்கும் கீழே கூட்டமாகப் போய்ச் சேரும்.

வடகாற்று அடித்து மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும் நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "போன வாரம் கிடைத்தது, இந்த வாரம் இல்லை" என்பதில் பாதி இதனால்தான். அன்று மீன் போய்விடவில்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டு, வாய்க்கு நேராக வந்தால் மட்டும் தின்னும். ஜிக்கை 1/32 அவுன்ஸுக்குக் குறையுங்கள், மரத்தை உரசி இறக்குங்கள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் நிறுத்துங்கள். பாஸுக்கும் கிராங்க்பெய்ட்டை வைத்துவிட்டு ரப்பர் புழுவை எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில், வண்டியைக் கிளப்பும் முன், போனில் நாலு வரி எழுதுங்கள்: தேதி, தண்ணீரின் சூடு, காற்றின் திசை, மீன் இருந்த ஆழம், அந்த இடத்தின் மொத்த ஆழம். ஒன்றும் கிடைக்காத நாளிலும் எழுதுங்கள். இரண்டாவது மார்ச் வரும்போது முதல் மார்ச்சின் குறிப்பு எவ்வளவு உதவும் என்று அன்றைக்குப் புரியும்.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 17 வயது ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையிலான லார்ஜ்மவுத் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, கிராப்பிக்கு டெக்சஸின் பொது விதி நாளொன்றுக்கு 25, குறைந்தது 10 அங்குலம். சில ஏரிகளுக்கு, சில மாதங்களுக்குத் தனி விதி உண்டு, மாறவும் செய்யும், கிளம்பும் முன் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்தைத் திறந்து அந்த மாதத்து விதியைப் படியுங்கள். இன்னொன்று, 30 அடிக்குக் கீழிருந்து மேலே வந்த கிராப்பி காற்றுப்பை வீங்கிப்போய் வரும், திருப்பி விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே குளிர்காலத்தில் ஆழத்தில் பிடிக்கும்போது கணக்கு நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள், விளையாட்டுக்காகப் பிடித்து விடுவது வேண்டாம்.

மரங்கள் தண்ணீருக்கு அடியிலும் நிற்கின்றன. மிதவை போட்டுக் குறித்த படகு வழியை விட்டு வெளியே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கரையேறியதும் படகின் அடியில், லைவ்வெல்லில் (மீனை உயிரோடு வைக்கும் தொட்டி), மின்னோ வாளியில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு ஏரியின் ஸீப்ரா மஸல் என்கிற, வேகமாகப் பரவிக் கேடு செய்யும் சின்னச் சிப்பி அடுத்த ஏரிக்குப் போவது இந்தத் தண்ணீர் வழியாகத்தான், டெக்சஸில் இது சட்டமும்கூட.