எந்தக் கரை? ஒரு விதியைத் திருத்திய அனுபவம்

நில உபயோக விதிகளைத் திருத்தும் குழுவில் இருந்தேன். "ஓடைக் கரையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்டக் கூடாது" என்றது பழைய விதி. எந்தக் கரை? கோடையில் நீர் சுருங்கிய கோட்டிலிருந்து அளந்து ஒருவர் வரைபடம் கொண்டுவந்தார். விதிப்படி அவர்மீது குற்றமில்லை!

நீர்மட்டத்தை விட்டுவிட்டு மண்ணில் பதிந்த தடயத்தைப் பிடித்தேன். பெருக்கு திரும்பத் திரும்ப வந்து விட்டுச்சென்ற அரிப்பு, வண்டல், செடிகொடிகள் மாறும் எல்லை, இவை காட்டுவதே உயர்நீர்க் கோடு. அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்று எழுதினேன்.

ஓடையையும் மூன்றாகப் பிரித்தோம்: நிலத்தடி நீர் ஊறி ஆண்டு முழுவதும் ஓடுவது, பருவத்தில் ஓடுவது, மழை பெய்தால் மட்டும் ஓடுவது. கடைசி வகைக்குத்தான் சண்டை. வறண்டு கிடப்பதை ஓடை என ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனமில்லை. படுகையும் கரையும் தெளிவாகத் தெரிந்தால் ஓடையே என்று சேர்த்த பிறகு ஒப்புக்கொண்டார்கள்.