அசோகருக்குப் பிறகு: மௌரியர் வாரிசுச் சிக்கலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மௌரியப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘அசோகருக்குப் பின் வந்த வலிமையற்ற வாரிசுகள்’. பதில் பொய்யில்லை. ஆனால் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோமே, முதல் தவறு அங்கேதான். அந்த வாரிசுகளின் குணத்தை எடைபோடும் அளவுக்கு அவர்களைப் பற்றி நம்மிடம் சான்றே கிடையாது.

இருக்கும் கணக்கைப் பார்ப்போம். புராணங்கள் மௌரியருக்கு 137 ஆண்டுகள் தருகின்றன. சந்திரகுப்தர் 24, பிந்துசாரர் 25, அசோகர் 36. ஆக மூன்றே பேர் 85 ஆண்டுகள் ஆண்டிருக்கிறார்கள். மிச்சம் 52 ஆண்டுகள். அதற்குள் வந்து போனவர்களின் எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது. ஆறேழு பேர் என்று வைத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஏழெட்டு ஆண்டுதான். மௌரிய ஆட்சியில் ஒற்றர் முதல் மகாமாத்திரர் என்ற உயர் அதிகாரிகள் வரை எல்லாரும் அரசர் என்ற ஒரே ஆளை நம்பி இருந்தவர்கள். அரசர் மாறும் ஒவ்வொரு முறையும், யார் பக்கம் நிற்பது என்று அத்தனை பேரும் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். ஒரு அரசர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, ஆள் எத்தனை தடவை மாறினார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அடுத்தது, மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி உறுதியாக இருந்தது என்று நினைத்துக்கொள்வது. அசோகரே அப்படி எளிதாக வந்தவர் இல்லை. பிந்துசாரர் இறந்ததற்கும் அசோகர் முடிசூடியதற்கும் இடையே சுமார் நான்கு ஆண்டுகள் இருந்ததாக இலங்கையின் பாலி நூல்கள் சொல்கின்றன. அண்ணன் தம்பிகள் 99 பேரைக் கொன்றார் என்ற கதையும் அவற்றில்தான் வருகிறது. அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். அசோகரின் ஐந்தாம் பாறைக் கல்வெட்டு அவருடைய சகோதர சகோதரிகளின் வீடுகளைப் பற்றிப் பேசுகிறது. எண்ணிக்கை கட்டுக்கதையாக இருக்கலாம், ஆனால் போட்டி நடந்திருக்க வேண்டும். தட்சசீலம், உஜ்ஜயினி, தோசாலி, சுவர்ணகிரி என்று மாகாணத் தலைநகரங்களில் இளவரசர்களை அமர்த்துவது மௌரியர் வழக்கம். வரியும் படையும் கையில் இருக்கும் இளவரசர், அடுத்த பட்டத்துக்கு ஆசைப்படாமல் இருப்பாரா? பெற்றவரையே தின்னும் நண்டின் குணம் இளவரசருக்கு உண்டு, பிறந்த நாள் முதல் கண்காணியுங்கள் என்று அர்த்தசாஸ்திரம் எச்சரிக்கிறது. நண்டு ஈன்றால் தாய்க்கு அழிவு என்று நம் ஊரிலும் சொல்வார்கள், இல்லையா?

அசோகரின் மகன் குணாலன் கதையை வரலாறாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. சமண மரபில் அது இப்படி வரும். ‘இளவரசன் படிக்கட்டும்’ என்று அசோகர் கடிதம் எழுதுகிறார். பிராகிருதத்தில் ‘அதீயவு’. சிற்றன்னை அதன் மேல் ஒரே ஒரு புள்ளி வைக்கிறாள். சொல் ‘அந்தீயவு’ ஆகிவிடுகிறது, ‘குருடாகட்டும்’ என்று பொருள். ஒரு புள்ளியில் பட்டத்து இளவரசனின் கண் போகிறது. பௌத்த மரபில் கதை வேறு மாதிரி. இரண்டுமே பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை. அசோகருக்குப் பின் யார் என்பதில் குழப்பம் இருந்தது என்ற நினைவு மக்களிடம் தங்கியிருக்கிறது, அதற்கு மேல் அதில் எதையும் ஏற்றக் கூடாது.

அப்புறம், வெவ்வேறு நூல்களில் உள்ள பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே வரிசை ஆக்குவது. அசோகரின் பேரன் எனப்படும் தசரதருக்குக் கல்வெட்டே இருக்கிறது. பீகாரின் நாகார்ஜுனி மலையில், கண்ணாடி போல மெருகேற்றிய குகைகள் மூன்றை முடிசூடிய கையோடு ஆசீவகர் என்ற துறவிகளுக்கு அவர் கொடுத்திருக்கிறார். அருகிலேயே பராபர் மலையில் அசோகர் கொடுத்த குகைகள். இன்னொரு பேரன் எனப்படும் சம்பிரதியைச் சமண நூல்கள் கொண்டாடுகின்றன. காஷ்மீரில் ஆண்டவர் அசோகரின் மகன் ஜலௌகன் என்று அந்நாட்டு அரசர் வரலாற்று நூலான ராஜதரங்கிணி சொல்கிறது. இவர்களில் சிலர் ஒரே காலத்தில் வெவ்வேறு பகுதிகளை ஆண்டிருக்கவும் கூடும்.

அகிம்சையால் படை சோர்ந்தது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அசோகர் கலிங்கத்தைத் திருப்பித் தரவில்லை. காட்டுக் குடிகளை எச்சரிக்கவும் தயங்கவில்லை. மரண தண்டனைக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தாரே தவிர, தண்டனையை ஒழிக்கவில்லை.

கடைசியாக, கி.மு. 185-ஐ ஒரு பேரரசு விழுந்த நாளாக எழுதுவது. கி.மு. 206 வாக்கிலேயே மேற்காசியாவை ஆண்ட கிரேக்க அரசர் மூன்றாம் அந்தியோகஸ் இந்துகுஷ் மலை தாண்டி வந்து சோபகசேனஸ் என்ற இந்திய அரசரிடம் யானைகளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பக்கம் பாடலிபுத்திரத்தின் கை தளர்ந்து வெகுநாளாகியிருந்தது. கடைசி மௌரிய அரசர் பிருகத்ரதன் கொல்லப்பட்டது அணிவகுப்பு என்று சொல்லி முழுப் படையையும் காட்டிய இடத்தில் என்று பாணர் எழுதிய ஹர்ஷசரிதம் சொல்கிறது. கொன்றவர் அவருடைய சேனாபதி புஷ்யமித்திரர். படை கலையவில்லை, ஆள்தான் மாறினார். அயோத்தியில் கிடைத்த பிற்காலக் கல்வெட்டில்கூட புஷ்யமித்திரருக்கு அரசர் பட்டம் இல்லை, ‘சேனாபதி’ என்றே இருக்கிறது.