ஆவாரை, வரையாடு: அறிவியல் பெயரைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

அறிவியல் பெயரில் முதலில் பேரினம் (நெருங்கிய உறவுள்ள உயிரினங்களின் குழு), அடுத்து சிற்றினம் (அந்தக் குழுவில் ஒரு வகை). செடிகளுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனி விதிநூல் உண்டு. அதனால் சில இடங்களில் முறை மாறும்.

படி 1: ரோமன் எழுத்தில் பேரினத்தின் முதல் எழுத்து பெரியது, சிற்றினம் முழுவதும் சிறிய எழுத்து. 'இண்டிகா' நாட்டைக் குறித்தாலும் பெரிய எழுத்து கூடாது. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரு சொற்களுக்கும் தனித்தனியே அடிக்கோடு.

படி 2: பெயரை முதலில் முறைப்படி வெளியிட்டவரைச் சேருங்கள், சாய்வெழுத்தில்லாமல். மாமரம்: மாஞ்சிஃபெரா இண்டிகா எல். இங்கே 'எல்.' என்பது தாவரவியலாளர் லின்னேயஸ். செடிகளில் வெளியிட்டவர் பெயரைச் சுருக்கி எழுதுவது வழக்கம். சுருக்கத்தை நீங்களாக உருவாக்காதீர்கள், ஐ.பி.என்.ஐ. என்ற பன்னாட்டுத் தாவரப் பெயர்த் தரவுத்தளத்தில் பாருங்கள்.

படி 3: அடைப்புக்குறி. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். இது அலங்காரம் இல்லை. சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ஆவாரைக்கு 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் காசியா ஆரிகுலேட்டா. பின்னர் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ அதை சென்னா பேரினத்துக்கு மாற்றினார். எனவே இன்று சென்னா ஆரிகுலேட்டா (எல்.) ராக்ஸ்ப். முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள், மாற்றியவர் வெளியே.

விலங்குகளில் மாற்றியவர் பெயரை எழுதும் வழக்கமில்லை, ஆண்டு வரும். வரையாட்டை விலங்கியலாளர் ஆகில்பி 1838இல் வேறொரு பேரினத்தில் விவரித்தார். 2005இல் மரபணு ஆய்வு அதைத் தனிப் பேரினமாக்கியது. ஆகவே நீலகிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் (ஆகில்பி, 1838). அடைப்புக்குறியை விட்டுவிட்டால், நீலகிரிட்ராகஸ் என்ற பேரினத்திலேயே ஆகில்பி பெயரிட்டார் என்று பொருளாகிவிடும். அது தவறான தகவல்.

படி 4: பேரினம் மாறினால் சிற்றினப் பெயரின் விகுதியைச் சரிபாருங்கள். அது பெயரடையாக இருந்தால் பேரினப் பெயரின் இலத்தீன் இலக்கணப் பாலுக்கு (ஆண்பால், பெண்பால் போன்றவை) ஒத்துப்போக வேண்டும். சங்குவளை நாரை முதலில் டான்டலஸ் லியூகோசெபாலஸ். இப்போது மிக்டீரியா லியூகோசெபாலா.

படி 5: ஒரே கட்டுரையில் இரண்டாம் முறை வரும்போது பேரினத்தை முதலெழுத்தும் புள்ளியுமாகச் சுருக்கலாம். ஆனால் புலியும் (பாந்தெரா) மயிலும் (பாவோ) ஒரே கட்டுரையில் வந்தால் முழுப்பெயரே எழுதுங்கள்; இரண்டுக்கும் ரோமன் முதலெழுத்து ஒன்றே.

பேரினமும் சிற்றினமும் ஒரே சொல்லாக இருக்கலாமா? விலங்குகளில் இருக்கலாம்: நல்ல பாம்பு நாஜா நாஜா. செடிகளில் அப்படிப்பட்ட பெயர் செல்லாது.