தனியாக நெடுந்தூரம் பைக்கில் கிளம்பும் முன் வாசலிலேயே செய்து பார்க்க வேண்டியவை

கூட்டமாகப் போகும்போது பைக் கீழே விழுந்தால் தூக்க நாலு கை வரும். பஞ்சரானால் யாரிடமாவது பம்பு இருக்கும். தனியாகப் போகிறவருக்கு இதெல்லாம் கிடையாது. அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இருந்து தொடங்காதீர்கள் என்பதுதான். வழியில் தனியாக எதையெல்லாம் செய்ய வேண்டி வருமோ, அதையெல்லாம் வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பாருங்கள். கூடவே எடுத்துப்போகப் போகிற அதே சாமான்களை வைத்தே செய்யுங்கள். எது வேண்டும், எது வெறும் சுமை என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

முதல் வேலை, பைக்கைத் தூக்குவது

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். என் பைக் பெட்ரோலோடு 180 கிலோ. உங்களால் தூக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். கையால் தூக்கப் பார்த்தால் முதுகு போய்விடும். காலால் தூக்க வேண்டும்.

தரையில் பழைய மெத்தையைப் போட்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பைக்கை மெதுவாகப் படுக்க வையுங்கள். சாவியை அணைத்துவிடுங்கள். பைக் கியரில் இருந்தால் நல்லது, தூக்கும்போது உருளாது. நியூட்ரலில் இருந்து, வலப்பக்கம் விழுந்திருந்தால் முன் பிரேக்கைப் பிடித்தபடியே தூக்கலாம். அதே வலப்பக்க விழுதல் என்றால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் போய்ச் சாயும்.

ஹேண்டில்பாரில் தரைப் பக்கம் இருக்கும் பிடி டேங்கை ஒட்டி வரும்படி முழுக்கத் திருப்புங்கள். பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டின் விளிம்பில் புட்டத்தை முட்டுக் கொடுங்கள். ஒரு கை அந்தப் பிடியில், மறு கை பின்சீட்டுக் கம்பியில். முதுகு நேராக, கைகள் மடங்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். பாதித் தூரம் எழும்பியதும் எடை சட்டென்று குறையும். அந்த இடத்தில் மட்டும் வேகம் காட்டாதீர்கள். சைலன்சர் பக்கம் விழுந்திருந்தால் கால் எங்கே படுகிறது என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம் இதையே பைகளை மாட்டிவிட்டுச் செய்து பாருங்கள். தூக்க வராது. பைகளைக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் உங்கள் கட்டு, பைக் சாய்ந்து கிடக்கும்போதும் சீக்கிரம் அவிழ வேண்டும். எப்படிக் கட்டுவது என்பதை இந்த ஒரு சோதனையே முடிவு செய்துவிடும்.

அடுத்து பஞ்சர்

டியூப் இல்லாத டயர் என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அரத்தால் ராவி, பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடித்தால் முடிந்தது. அதையும் ஒரு பழைய டயரில் குத்திப் பழகுங்கள். திரியைச் செருக எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்பது படித்தால் தெரியாது.

கம்பி ஆரம் போட்ட சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். என்னுடையதும் அதுதான். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஆக்சில் நட்டை அவிழ்க்கும் ஸ்பேனர் பலருடைய கருவிப் பையில் இருக்காது. கூடவே எடுத்துப்போகிறீர்களா என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால், பின் சக்கரத்தை எதை முட்டுக் கொடுத்துத் தரையில் இருந்து எழுப்புவது என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து மிதித்து விடுவியுங்கள். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. லிவர், அதாவது டயரை நெம்பி எடுக்கும் பட்டைக் கம்பி, போடும் இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் இறங்கிய அளவுக்கு இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். லிவரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்யாதவர்கள்தான். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் இன்னும் சுலபம். டியூபை உருவியதும் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். குத்தியது உள்ளேயே இருந்தால் துணி அதில் மாட்டும். வெறும் விரலை விடாதீர்கள்.

டியூபில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, காயவிடுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் பிடிக்காது. திரும்பப் போடும்போது டியூபில் கொஞ்சம் காற்றடித்து வடிவம் வரவைத்துக்கொண்டால் லிவருக்கு இடையில் மாட்டிக் கிழியாது. கடைசிப் பகுதி உள்ளே போகும்போதும் எதிர்ப் பக்கம் பள்ளத்திலேயே இருக்கட்டும். கையால் அடிக்கும் பம்பு என்றால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவையுங்கள். பேட்ச் இருந்தாலும் ஒரு மாற்று டியூப் எடுத்துப்போவது என் பழக்கம். மழையில் சொல்யூஷன் காய்ந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது.

பைக்கின் மற்ற பாகங்கள்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. கோடுகள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் பழசாகி வெடிப்பு விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தை டயர் ஆறியிருக்கும்போது, சுமை ஏற்றிய பைக்குக்கு கையேடு சொல்லும் அளவுக்கு வையுங்கள்.

செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்தால் தெரியும் தளர்வு பல பைக்குகளில் 20 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்களுடையதற்குச் சரியான எண் கையேட்டில் உண்டு. சுமை ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இறுகும். ஆகவே கட்டியபின் ஒருவரை உட்கார வைத்து, அப்போதும் கொஞ்சம் தளர்வு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். தளர்வே இல்லாமல் இழுத்து வைத்த செயின், பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கிளட்ச் கேபிளுக்கு நான் செய்வது இது: புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே அதே வழியாக ஓட்டி, ஜிப் டை போட்டு, இரண்டு முனையிலும் டேப் சுற்றி வைத்துவிடுவேன். அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் முனைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கைக்குப் பக்கத்து முனையில் கேபிள் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்திருந்தால் அது அறுவதற்கு முன்னறிவிப்பு, உடனே மாற்றுங்கள்.

பிரேக் பேட், பிரேக் ஆயில், என்ஜின் ஆயில், பேட்டரி எல்லாம் மெக்கானிக் பார்க்கட்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். சர்வீஸை மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் வைக்காதீர்கள். சரியாக முறுக்காத போல்ட்டோ கசிகிற சீலோ வீட்டுப் பக்கத்திலேயே தெரியவர, சர்வீஸுக்கும் பயணத்துக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும்.

இந்த வேலைகளில் கை பட்ட கருவிகள்தான் உங்கள் கருவிப் பை. கூடவே இரண்டு மூன்று பியூஸ், ஸ்பார்க் பிளக், செயினின் இரு முனைகளை இணைக்கும் செயின் லாக், இன்சுலேஷன் டேப், கம்பி, நெற்றியில் மாட்டும் விளக்கு.

சுமையும் உடம்பும்

கனமானது கீழே, நடுவை ஒட்டி. லேசானது மேலே, பின்னால். இரு பக்கப் பைகளையும் தராசில் நிறுத்துச் சமமாக்குங்கள். பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, கூட்டுங்கள். எனக்குப் பிடித்தது துணிப் பைதான்: எடை குறைவு, விழுந்தால் காலை நசுக்காது. பூட்டு வேண்டும் என்பவர்களுக்குப் பெட்டி சரி. 1982இல் லண்டனிலிருந்து தனியாகக் கிளம்பி உலகைச் சுற்றிய எல்ஸ்பெத் பியர்டு, தன் பிஎம்டபிள்யூ ஆர்60/6க்கான அலுமினியப் பெட்டிகளை சிட்னியில் தானே செய்துகொண்டார். எதில் வைத்தாலும் மழையுடை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்.

காதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 95 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். நீங்கள் ஓட்டும் இடத்தின் சட்டம் அனுமதித்தால் நுரை காதடைப்பான் போடுங்கள். ஹாரன் கேட்கும், இரைச்சல்தான் குறையும். மாலையில் இறங்கும்போது களைப்பு எவ்வளவு குறைகிறது என்பது முதல் நாளே தெரியும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வெயிலில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் நீர் போவதே தெரியாது. முதுகில் மாட்டும் 2 லிட்டர் தண்ணீர்ப் பை, இரண்டு பொட்டலம் ஓஆர்எஸ் போதும். குளிரில் நேரெதிர்ச் சிக்கல்: விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். ஜாக்கெட்டின் மேல் காற்றைத் தடுக்கும் ஒரு அடுக்கும், உலர்ந்த மாற்றுக் கையுறையும் வேண்டும்.

நாளும் தூரமும்

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிற்பது, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் நன்றாகக் குறையும். ஒரு நாளைக்கு 300, 350 கிலோமீட்டருக்கு மேல் நான் திட்டமிடுவதில்லை. விடியலில் கிளம்பி, இருட்டுவதற்குள் தங்குமிடத்தில் இருக்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை உடம்பே தூக்கம் கேட்கும்; அந்த நேரத்தில் பெரிய இடைவேளை வையுங்கள். கண் இழுத்தால் காபி குடித்துச் சமாளிக்க முடியாது. நிறுத்திவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள்.

டேங்க் நிரப்பி, சுமையோடு ஓட்டி, மறுபடி நிரப்பி மைலேஜைக் கணக்கிடுங்கள். 12 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 என்றால் 420 வரும். எதிர்காற்றுக்கும் ஏற்றத்துக்கும் கால் பங்கு கழித்து 315 என்று வையுங்கள். பங்க் அரிதான வழியில் 200ஐத் தாண்டியதும் கிடைக்கும் இடத்தில் நிரப்பிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவரிடம்

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்பது போதாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஒவ்வொரு நாளும் எந்த வழி, எங்கே தங்கல், பைக் எண், என்ன நிற ஜாக்கெட். தினமும் இரண்டு செய்தி, கிளம்பும்போது ஒன்று, சேர்ந்ததும் ஒன்று. மாலைச் செய்திக்கு ஒரு கெடு நேரம் குறித்து, அதைத் தாண்டினால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாரை என்பதையும் அவரோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். சிக்னல் இல்லாத பகுதி எது என்பதும் அந்தத் தாளில் இருந்தால் வீண் பயம் வராது.

போனின் பூட்டிய திரையிலேயே தெரியும்படி ரத்த வகை, ஒவ்வாமை, கூப்பிட வேண்டியவரின் எண் ஆகியவற்றைப் போட்டுவையுங்கள். அதையே காகிதத்தில் எழுதி ஜாக்கெட்டின் உள்பையிலும் வையுங்கள். 112 என்ற அவசர எண் பல நாடுகளில், பூட்டிய போனிலிருந்தும் போகும். ஆவணங்களின் நகல் ஒன்று உடம்பில், இன்னொன்று பையில்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு முழுச் சுமையோடு ஒரு இரவு வெளியே தங்கித் திரும்புங்கள். அந்த மாலைச் செய்தியையும் கெடு நேரப்படி அனுப்புங்கள். வந்ததும் எல்லா நட்டுகளிலும் ஸ்பேனர் வையுங்கள், சுமை தாங்கும் கம்பியின் போல்ட்டுகள் முக்கியம். ஸ்ட்ராப் எங்கே உரசியிருக்கிறது, எந்தப் பையைத் திறக்கவே இல்லை என்று பாருங்கள். திறக்காத பையில் மழையுடையும் மருந்தும் தவிர மற்றதை வீட்டில் வைத்துவிடலாம். அதன் பிறகு புது பூட்ஸோ புது ஹெல்மெட்டோ வாங்காதீர்கள். காலும் தலையும் பழகுவதற்கு இனி நாள் இல்லை.