பிள்ளைச் சட்டையில் போர்வை: கத்தரியை எடுக்கும் முன்

போன மாதம் கீழ் லயத்திலிருந்து, தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ஒரு பிள்ளை பையோடு வந்தாள். "அக்கா, பழைய சட்டையில போர்வை தைக்க நானே வெட்டிட்டேன். ஆனா எல்லாம் நூலு நூலா வருது." பையைக் கவிழ்த்தேன். அவள் மகனுக்குக் கைக்குழந்தையில் போட்ட கம்பளிச் சட்டை, தொப்பி, எல்லாம் சதுரம் சதுரமாக விழுந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் பண்ணிய அதே கூத்து. திட்ட வாய் வரவில்லை.

நேராக வெட்டுங்கள், துவைத்துவிட்டு வெட்டுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதான்.

கையால் பின்னியதை வெட்டுவது

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் குளிருக்குப் பிள்ளை பிறக்கும் முன்பே யாராவது கம்பளி பின்ன உட்கார்ந்துவிடுவார்கள். என் மூத்தவளுக்கு அம்மாயி, என் அம்மாவின் அம்மா, பின்னினார். தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்ட பிறகு, கண்ணில் புரை விழுந்த நிலையில் பின்னியது. மங்கிய மஞ்சள் சட்டை, ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் நீளம். அதன் நடுவில் சதுரம் வரைந்து, சாதாரணத் துணிபோல வெட்டித் தைத்தேன். தைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. முதல் தடவை துவைத்து வாளியிலிருந்து தூக்கினால், மஞ்சள் சதுரத்தின் ஓரமெல்லாம் தையலைவிட்டுக் கழன்று, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் அம்மாயியும் இல்லை. இன்னொன்று யார் பின்னித் தருவது?

நெய்த துணியில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வெட்டினால் ஓரம் மட்டும் பிரியும். பின்னியது அப்படியில்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கண்ணியை அறுத்தால் அது பிடித்திருந்த அடுத்த கண்ணி விடும், அப்புறம் அதற்கடுத்தது.

"பின்னால் ஒட்டுத்துணி வைத்து அயன் பண்ணினால் போச்சு" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒட்டுத்துணி பெனியன் துணிக்கு நல்லது. பெனியன் இழுத்த பக்கம் போகும் துணி, ஒட்டாமல் தைத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஆனால் கம்பளி என்று கடையில் வாங்குவதில் நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை நூல். சூடான அயன் பட்டதும் தொய்ந்து தட்டையாகிவிடும், பழையபடி ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒரு சிறு நூலைக் கிள்ளி நெருப்பில் காட்டுங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, ஆறியபின் விரலில் பொடியானால் ஆட்டுக் கம்பளி. உருகிக் கடினமான மணியாக உறைந்தால் அக்ரிலிக்.

வெட்டித்தான் ஆகவேண்டுமா? சரி. வெட்டும் கோட்டுக்கு உட்புறமாக, மெஷினில் பொடித் தையலாக இரண்டு வரிசை ஓட்டுங்கள். ஓட்டும்போது இழுக்காதீர்கள், ஓரம் அலையலையாகிவிடும். அதற்குப் பிறகு தையலுக்கு வெளியே வெட்டுங்கள். என்னைக் கேட்டால் வெட்டவே வேண்டாம். பருத்தித் துணிச் சதுரத்தின் மேல் முழுச் சட்டையையும் விரித்து வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கையால் தைத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் பையில் ஒரு ஒற்றை மேசு (காலுறை) மட்டும் முழுசாக இருந்தது. ஜோடி தொலைந்ததால் வெட்டாமல் விட்டிருந்தாள். போர்வையின் நடுச் சதுரத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.

சட்டையை எண்ணுவது

எண்ணவேண்டியது சதுரத்தை. பிறந்த குழந்தையின் சட்டையில் முன்பக்கத் திறப்பு, கழுத்து, கை எல்லாம் கழித்தால் ஆறு அங்குலச் சதுரம் கிடைப்பது கஷ்டம். நாலரை அங்குலத்துக்கு வெட்டுங்கள். தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் போக நாலு நிற்கும். 40க்கு 48 அங்குலப் போர்வைக்கு 120 சதுரம் வேண்டும். அவ்வளவு வராது. இடையிடையே வெறும் பருத்தித் துணி போடுங்கள், கண்ணுக்கும் ஆறுதலாக இருக்கும்.

பால் கறை

சுத்தமாக மடித்து வைத்த சட்டையிலும் வருடம் போனால் மஞ்சளாகத் தெரியும். அது போகும்வரை அயன் வைக்காதீர்கள். சூடு பட்டால் கறை அங்கேயே தங்கிவிடும்.

பொத்தான்

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அத்தனையையும் பிடுங்கிவிடுங்கள்.

மழை நாளில் துவைப்பது

உள்ளே பஞ்சு வைத்த போர்வை ஜூன், ஜூலை மூடுபனியில் காயவே காயாது. மேலே தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருக்கும். மடித்துப் பொலித்தீன் பையில் போட்டால் உள்ளிருந்து பூஞ்சணம் பிடிக்கும். நான் பெப்ரவரி வெயில் வரும்வரை துவைப்பதில்லை.