கேமில் காசைக் கொட்டுவதற்கு முன் போடவேண்டிய கணக்கு

பெரிய கேம்கள் 60 டாலரிலேயே ரொம்ப வருடம் நின்றிருந்தன. 2020இல் புதிய கன்சோல்கள் வந்த கையோடு 70 ஆனது. 2025இல் ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ 80க்கு வந்தது. எல்லோரும் புலம்புகிறோம், நானும்தான். ஆனாலும் அந்த விலை கண்ணுக்குத் தெரிகிறது, கட்டுப்படியாகவில்லை என்றால் பேசாமல் விட்டுவிடலாம். எனக்கு உறுத்துவது, உள்ளே போன பிறகு கேட்கிற காசு. அங்கே விலையைச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் தோண்டியெடுக்க வேண்டும்.

முதல் வேலை, கேம் காசை நிஜக் காசாக மாற்றிப் பார்ப்பது. என் அக்கா மகன் ஒரு ஸ்கின், அதாவது கேரக்டருக்கு மாட்டுகிற புதுத் தோற்றம், கேட்டான். “1,200 டைமண்டுதான் மாமா” என்றான். கடையைத் திறந்தால் பேக் 1,000 டைமண்டு, 10 டாலர். அப்படியானால் ஸ்கின் விலை 12 டாலரா? இல்லை. இரண்டு பேக் வாங்கினால்தான் கிடைக்கும் என்பதால் 20 டாலர். மீதி 800 டைமண்டு சும்மா கிடக்காது, இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த ஸ்கின் ஆயிற்றே என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். பேக்கின் அளவும் பொருளின் விலையும் ஒத்துப்போகாமல் இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இது பழைய வித்தைதான். 2006இல் ‘ஒப்ளிவியன்’ கேமில் குதிரைக்குக் கவசம் விற்றார்கள், எக்ஸ்பாக்ஸில் 200 பாயின்ட். 80 பாயின்ட் ஒரு டாலர், ஆகக் கவசம் இரண்டரை டாலர். அன்றைக்கு ஊரே சிரித்தது. இன்றைக்கு ஸ்கின்கள் விற்கிற விலைக்கு அந்தக் குதிரைக் கவசம் கொள்ளை மலிவு.

குலுக்கல் முறை என்றால், அதாவது காசு கட்டி ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் என்ன விழும் என்று தெரியாத கச்சா, லூட் பாக்ஸ் வகையறா என்றால், சராசரியைப் பார்க்காதீர்கள். அதிர்ஷ்டம் முழுக்கக் காலைவாரினால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’டையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் ஒன்று நிச்சயம். ஆனால் அது நாம் கேட்ட ஆளாகவே இருக்க வேண்டியதில்லை. வேறு ஆள் வந்துவிட்டால் இன்னொரு 90 வரை போக வேண்டியிருக்கும். மொத்தம் 180 இழுப்பு. ஒரு இழுப்புக்கு 160 ஜெம் (அந்த கேமின் காசு) வீதம் 28,800. 100 டாலர் பேக்கில் போனஸோடு சேர்த்து 8,080 வருகிறது. ஆக நான்கு பேக், 400 டாலர். முதல் முறை வாங்குகிறவருக்கு இரட்டிப்பு உண்டு, இலவச ஜெம்மும் சேரும், அதையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறமும் வருகிற தொகையைப் பார்த்து ‘சரி, போனால் போகட்டும்’ என்று மனசு சொன்னால் இழுங்கள். இல்லையென்றால் முதல் இழுப்புக்குக்கூடக் காசு போடாதீர்கள். பாதி வழியில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

பேட்டில் பாஸ் என்பது, ஒரு சீசனில் ஆடி லெவல் ஏற ஏறப் பரிசு தருகிற கட்டணச் சீட்டு. அதற்குக் காசைவிட நேரம்தான் கணக்கு. சீசன் எத்தனை நாள், தினம் எத்தனை மணி நேரம் ஆடினால் கடைசி லெவல் வரும்? நான் பாஸை முதல் நாளில் வாங்குவதே இல்லை. இலவசப் பாதையில் ஆடிக்கொண்டே போய், சீசன் முடிகிற சமயத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறேன் என்று பார்ப்பேன். பெரும்பாலான கேம்களில் அப்போது வாங்கினாலும் ஏறிய லெவல் வரைக்குமான பரிசு அத்தனையும் வந்துவிடும். ‘ஹேலோ இன்ஃபினிட்’, ‘ஹெல்டைவர்ஸ் 2’ போன்றவற்றில் பாஸ் காலாவதியே ஆகாது. அப்படியும் செய்ய முடிகிறது, பாருங்கள்.

‘முன்கூட்டியே ஆடலாம்’ என்கிற பெரிய எடிஷனுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் ‘ஸ்டார்ஃபீல்ட்’ 70 டாலர், பிரீமியம் 100. கூடுதல் 30 டாலருக்கு அன்றைக்குக் கையில் கிடைத்த பெரிய விஷயம் ஐந்து நாள் முந்துவதுதான். அதிலேயே சேர்த்துக் காசு வாங்கிக்கொண்ட விரிவாக்கம் மறு வருடம் செப்டம்பர் கடைசியில்தான் வந்தது.

சந்தா எடுத்தால் எடுத்த நிமிடமே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுங்கள். பொதுவாகக் கட்டிய காலம் முடியும்வரை ஆடலாம்.

அப்புறம் கார்டு. கணக்கில் சேமித்த கார்டை நீக்குங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் வாங்கும்போது பாஸ்வேர்டோ பின்னோ கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் கேமுக்குள் வாங்குவதையே தடுத்துவிடலாம். ஒரு பட்டனைத் தெரியாமல் தட்டினால்கூடக் காசு போனது என்பது ‘ஃபோர்ட்நைட்’ மீது அமெரிக்க வணிக ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2022இல் அந்த கேமின் சொந்தக்காரரான எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கார்டு நம்பரை ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டியிருந்தால் பாதி ஆசை அந்தச் சோம்பலிலேயே அடங்கிவிடும்.

வாங்கியது சரியில்லை என்றால் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ‘ஸ்டீம்’ கடையில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கேம் திறந்திருக்கிற நேரம் முழுவதும் அந்தக் கணக்கில் சேரும். கேரக்டரின் மூக்கைச் செதுக்குவதிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைக்காமல், முதல் சண்டை வரை சட்டென்று போய்ப் பாருங்கள். சாப்பிடப் போகும்போது கேமை மூடிவிட்டுப் போங்கள்.