சர்வர் பக்கத்துக்கு எந்த மொழி எடுப்பது?

ஒரு இணைய அப்ளிகேஷனில் சர்வரில் ஓடும் பகுதியை எந்த ப்ரோகிராமிங் மொழியில் எழுதலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், நாலு பேரும் தாங்கள் தினமும் எழுதும் மொழியைத்தான் சொல்வார்கள். அதனால் மொழியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் இரண்டே விஷயம் எழுதுங்கள். நீங்கள் எழுதப்போவது எந்த சர்வரில் ஓடப் போகிறது? நீங்கள் ஊரில் இல்லாத நாளில் நின்றுபோனால் யார் பார்ப்பார்?

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். உறவினர் ஒருவரின் பாத்திரக் கடைக்கு இருப்புக் கணக்குப் பார்க்க ஒரு சின்ன அப்ளிகேஷனை நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் மொழியை சர்வரில் ஓட்டுவது) ஆசை ஆசையாக எழுதி முடித்துக் கொண்டுபோனால், அவர் மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டி வைத்திருந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல பேர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வர்) பிஎச்பி என்ற மொழி மட்டும்தான் ஓடும். அப்புறம் தனியாக ஒரு விபிஎஸ் (நமக்கென்று வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்), அதன் முன்னால் வருகிற கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப என்ஜின்எக்ஸ், ப்ராசஸ் செத்துப்போனால் எழுப்பிவிட ஒன்று, எஸ்எஸ்எல் (தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்) புதுப்பிக்க ஒன்று என்று சேர்ந்துகொண்டே போய், அவருக்கு மாதச் செலவு, எனக்கு ராத்திரி போன். கடைசியில் எல்லாவற்றையும் பிஎச்பியின் லாரவெல் என்ற ஃப்ரேம்வொர்க்கில் (அடிப்படை வேலைகள் தயாராக இருக்கும் கட்டமைப்பு) திரும்ப எழுதினேன்.

பிஎச்பியைக் கிண்டல் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1995-இல் வந்த மொழி, பழைய குப்பையும் நிறைய உண்டு, அது உண்மைதான். ஆனால் 2015 டிசம்பரில் 7-ஆம் பதிப்பு வந்தபோது வேகம் நன்றாகவே கூடியது (6 என்று ஒன்று வெளிவரவே இல்லை), விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கி இன்றைக்கும் பிஎச்பிதான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் (பக்கம் கேட்டு வரும் கோரிக்கை) புதிதாகத் தொடங்கி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போய்விடும். ஒருவருடைய பக்கத்தில் வந்த பிழை பக்கத்து ஆளைத் தொடுவது அபூர்வம்.

நோட் அப்படியில்லை. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க ஒரே த்ரெட்டில் ஓடும், டீக்கடையில் ஒரே மாஸ்டர் நிற்பது மாதிரி. பால் கொதிக்கும் நேரத்தில் அடுத்த ஆர்டர் வாங்கிவிடுவார், அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் அவரையே உட்காரவைத்து வருடக் கணக்கைக் கூட்டச் சொன்னால் மொத்தக் கடையும் காத்திருக்கும். சாட், நோட்டிஃபிகேஷன் மாதிரி திறந்தே கிடக்கும் இணைப்புகள் நிறைய என்றால் நோட் எடுங்கள். பெரிய ரிப்போர்ட் கணக்கிடுவதுதான் முக்கிய வேலை என்றால் அதை வொர்க்கரில் (தனியாக ஓடும் இன்னொரு த்ரெட்) தள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

பைத்தான் என்றால் அதன் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவின் அட்மின் பக்கத்துக்காகவே எடுக்கலாம். அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து 2005-இல் வெளியே வந்தது அது. செய்தியாளர்கள் தாங்களே உள்ளே போய்த் தகவல் ஏற்ற வேண்டிய இடம், அந்தப் பழக்கம் இன்றும் தெரியும்: மாடலை (எந்தெந்தத் தகவல் சேமிக்கப்படும் என்ற வரையறை) எழுதி அட்மினில் பதிவு செய்தால் சேர்க்க, திருத்த, தேட எல்லாம் தயார். பின்னால் மெஷின் லேர்னிங் ஏதாவது சேரப் போகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கோ மொழியில் பில்ட் செய்தால் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபைல், சர்வரில் காப்பி செய்து ஓட்டினால் போதும். ஜாவா பெரிய டீமுக்கும் பல வருடம் ஓடவேண்டியதற்கும் சரி, 1 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ்ஸில் ஜாவாவின் ஃப்ரேம்வொர்க்கான ஸ்ப்ரிங்கை ஏற்றிவிட்டு அழாதீர்கள். ரூபி அழகான மொழி, ப்ரோகிராமர்கள் கோடு வைத்துக்கொள்ளும் கிட்ஹப்பே ரூபியின் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸில் எழுதியதுதான், ஆனால் உங்கள் ஊரில் ரூபி ஆள் கிடைக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

தமிழில் பெயரோ முகவரியோ வாங்குகிற அப்ளிகேஷன் என்றால் ஒரு சோதனை கட்டாயம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பிஎச்பியில் நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் என்ற ஃபங்ஷன் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது எண்ணுவது எழுத்தை அல்ல, அதைச் சேமிக்கும் பைட்டை. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்று சொல்லும், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணி. நமக்கு 3தான். இப்போது முதல் நாலை மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்: பைத்தானில் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும், பிஎச்பியில் 'த'வுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம். இரண்டிலும் சரியாக எண்ண வழி இருக்கிறது, எந்த மொழியில் எந்த ஃபங்ஷன் என்பதை முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகப் போட்டி அட்டவணைகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் பார்த்த வரையில் பக்கம் மெதுவாக வந்தால் பெரும்பாலும் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அகரவரிசை மாதிரி) இல்லாத ஒரு டேபிள்தான் குற்றவாளி, மொழியை மாற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இன்னும் இரண்டு மொழிக்கு நடுவே நின்றால் ஒரு சனி ஞாயிறு ஒதுக்குங்கள். லாகின், ஒரு ஃபார்ம், தேடக்கூடிய ஒரு பட்டியல், இவ்வளவையும் இரண்டிலும் எழுதி நிஜமான சர்வரில் ஏற்றுங்கள், லேப்டாப்பில் ஓடியது கணக்கில் வராது. பிறகு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துவிட்டு, பின்னால் பார்க்கப்போகிற அந்த ஆளை உட்காரவைத்து எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எதில் அவர் சீக்கிரம் கண்டுபிடிக்கிறாரோ அதை எடுங்கள்.